எஸ்எஸ்ஐ விண்ணப்பத்துக்கு வக்கீல் வைக்கலாமா? அமெரிக்காவில் கிடைக்கும் சட்ட உதவிகள்: ஒரு மதிப்புரை

ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு 18 வயது நெருங்கும்போது, நியூ ஜெர்சி முதல் டெக்சாஸ் வரை தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்கு நாமே விண்ணப்பிப்பதா, வக்கீல் வைப்பதா? டிவியிலும் நெடுஞ்சாலைப் பலகைகளிலும் "ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்" என்று விளம்பரம் செய்யும் அலுவலகங்கள், இலவச சட்ட உதவி மையங்கள், வக்கீல் அல்லாத பிரதிநிதிகள் என்று பல வகை உதவி சந்தையில் இருக்கிறது. எது எதற்குப் பயன்படும், எது எதற்குப் பயன்படாது என்பதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருத்துவ வாதத்துக்கும் நீதிபதி முன் நடக்கும் விசாரணைக்கும் நல்ல வக்கீல் வாங்குகிற காசுக்கு மேலேயே உழைக்கிறார். விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்யவேண்டிய பணம், சொத்து சம்பந்தப்பட்ட வேலைக்கு அவரை நம்பி இருக்கக் கூடாது. அது பெரும்பாலும் அவர் கவனத்திலேயே இருக்காது. எஸ்எஸ்ஐ-யில் குடும்பங்கள் இழக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது இடத்தில்தான் போகிறது.

எஸ்எஸ்ஐ 1974 ஜனவரியில் தொடங்கிய திட்டம். குடிமக்களுக்கு வேலை பார்த்து வரி கட்டிய வரலாறு இதற்குத் தேவையில்லை. வருமானமும் சொத்தும் குறைவாக இருக்கவேண்டும். அதோடு 65 வயது ஆகியிருக்கவேண்டும், அல்லது பார்வையிழப்பு, அல்லது குறைந்தது 12 மாதம் நீடிக்கும் குறைபாட்டால் வேலை செய்ய இயலாத நிலை இருக்கவேண்டும். 2026-ல் தனிநபருக்கு அதிகபட்சம் மாதம் 994 டாலர், தம்பதிக்கு 1,491 டாலர். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தங்கள் பங்காகக் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன. சொத்து வரம்பு தனிநபருக்கு 2,000, தம்பதிக்கு 3,000 டாலர். 1989-க்குப் பிறகு இந்த வரம்பு ஒரு டாலர்கூட உயரவில்லை என்பது இந்தத் திட்டத்தின் பெரிய அநியாயம். விண்ணப்பிக்கும்போது வேலை செய்து மாதம் 1,690 டாலருக்கு மேல் சம்பாதித்துக்கொண்டிருந்தால், பார்வையற்றவர் தவிர மற்றவர்களின் விண்ணப்பம் மருத்துவக் கட்டத்துக்கே போகாது. பல குடும்பங்களுக்கு இந்தப் பணத்தைவிட முக்கியமானது, பெரும்பாலான மாநிலங்களில் எஸ்எஸ்ஐ-யோடு தானாகவே வரும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு.

குடியுரிமை விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருப்பவருக்கு எஸ்எஸ்ஐ கிடையாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு உண்டு, பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குப் பொதுவாக, வேலை பார்த்து வரி கட்டிய 40 காலாண்டு உழைப்புக் கணக்கு வேண்டும். 1996 ஆகஸ்ட் 22-க்குப் பிறகு வந்தவருக்கு அதோடு ஐந்து வருடக் காத்திருப்பும் உண்டு. பிள்ளைக்கு 18 ஆகும்வரை அப்பாவும் அம்மாவும் சேர்த்த காலாண்டுகளைப் பிள்ளையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் வேலைக்குப் போன வீட்டில் ஐந்தே வருடத்தில் 40 நிறைந்துவிடும். இதைக் கேட்காமலே "கிரீன் கார்டா, முடியாது" என்று தொலைபேசியில் சொல்லும் இடத்தில் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

கட்டணம் எப்படி வேலை செய்கிறது

வக்கீல் அலுவலகங்களின் போக்கைப் புரிந்துகொள்ளக் கட்டணக் கணக்கு தெரிந்தால் போதும். வழக்கமான ஒப்பந்தத்தில் கட்டணம், நிலுவைத்தொகையில் (முடிவு வரும்வரை சேர்ந்திருக்கும் பழைய மாதங்களின் பணத்தில்) 25 சதவீதம் அல்லது அரசு வைத்த உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அது. உச்சவரம்பு முன்பு 7,200 டாலராக இருந்தது; 2024 நவம்பர் 30 முதல் 9,200 ஆனது. கையெழுத்துப் போடும் நாளில் நடப்பு வரம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தோற்றால் கட்டணமில்லை. ஜெயித்தால், எஸ்எஸ்ஐ-யை நடத்தும் அரசு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டியே நிலுவையிலிருந்து பிடித்து வக்கீலுக்கு அனுப்பிவிடும். அப்போது நிர்வாகச் செலவென்று வக்கீலின் பங்கில் ஒரு சிறு தொகையைக் கழிக்கும். அதை உங்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமையில்லை. பிறகு மாதாமாதம் வரும் தொகையில் அவருக்குப் பங்கு கிடையாது. சோஷியல் செக்யூரிட்டியின் அனுமதி இல்லாமல் உங்களிடம் நேரடியாகக் கட்டணம் வசூலிப்பது சட்டவிரோதம். "முன்பணம் ஆயிரம் டாலர் கட்டுங்கள், வேலையை ஆரம்பிக்கிறோம்" என்று கேட்டு, அது தனி டிரஸ்ட் கணக்கில் இருக்கும் என்று எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

எஸ்எஸ்ஐ பின்னோக்கிப் போகாது. குறைபாடு பிறவியிலிருந்தே இருந்தாலும் விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் பணம் கணக்காகும். ஆகவே, விண்ணப்பித்து ஆறாவது மாதத்தில் சம்மதம் வந்தால் நிலுவை ஐந்து மாதம், முழுத் தொகையில் 4,970 டாலர். வக்கீலின் கால் பங்கு 1,242. அதே வழக்கு மறுக்கப்பட்டு, மேல்முறையீடாகி, விசாரணையில் 24 மாத நிலுவையோடு ஜெயித்தால் 23,856 டாலரில் அவர் பங்கு 5,964. வேலை வரலாறு இருந்து, வரி கட்டியவர்களுக்கான குறைபாட்டு உதவியான எஸ்எஸ்டிஐ-யும் சேர்ந்து வரும் வழக்கென்றால் நிலுவை இன்னும் பெரியது. அதனால்தான் எஸ்எஸ்ஐ மட்டும் உள்ள முதல் விண்ணப்பத்தைப் பல தனியார் அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளத் தயங்குகின்றன. "மறுப்புக் கடிதம் வந்ததும் கூப்பிடுங்கள்" என்கின்றன. எடுத்துக்கொண்டாலும் படிவங்களை நிரப்பி அனுப்பும் வேலையோடு நின்றுவிடுகிறது. இதில் தனிமனிதர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஏற்பாடே அப்படி. அதைத் தெரிந்துகொண்டு உதவியைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

கட்டணம் வேறு, செலவு வேறு. மருத்துவக் கோப்புகளின் நகல், தபால், டாக்டர் படிவம் நிரப்ப வாங்கும் தொகை இவையெல்லாம் 25 சதவீதத்துக்குள் வராது. தோற்றாலும் இவற்றைக் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. செலவுக்கு ஒரு மேல்வரம்பு, அதைத் தாண்டினால் முன்கூட்டி அனுமதி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல அலுவலகம் மறுக்காது.

யார் யார், எதற்கு

விளம்பரத்தில் வரும் பெரிய தேசிய நிறுவனங்களின் பலம், ஆவணம் திரட்டும் இயந்திரம். மருத்துவமனைகளுக்குக் கடிதம் போவதும், கெடு தேதிகள் தவறாமல் இருப்பதும் அங்கே ஒழுங்காக நடக்கும். பலவீனம், உங்கள் பிள்ளையை அறிந்தவர் அங்கே யாரும் இல்லாமல் போவது. பேசுவது ஒருவர், கோப்பைத் தயாரிப்பது இன்னொருவர், விசாரணையில் நிற்பது மூன்றாமவர். உடல்நோய் வழக்குகளில் இது ஓரளவு சமாளிக்கும். ஆட்டிசம், மனநோய் வழக்குகளில் அன்றாட நடத்தையின் நுணுக்கம்தான் வழக்கே. அங்கே இது அடிவாங்குகிறது.

அந்தந்த ஊரில் இந்த வேலையை மட்டுமே செய்யும் சிறு அலுவலகங்கள் எங்கள் பார்வையில் முதல் தேர்வு. உள்ளூர் விசாரணை அலுவலகத்தின் நீதிபதிகள் எதைக் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். விபத்து, விவாகரத்து, வீட்டுப் பத்திரம் எல்லாம் பார்த்துக்கொண்டே இதையும் பார்ப்பவர் வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி விண்ணப்பதாரர்களின் பிரதிநிதிகள் சேர்ந்து நடத்தும் சங்கமான என்ஓஎஸ்எஸ்சிஆர் மூலம் ஊர்வாரியாகத் தேடலாம். வக்கீலின் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கைகளும் மாநில வக்கீல் அமைப்பின் (பார்) இணையதளத்தில் இலவசமாகத் தெரியும்.

வக்கீல் அல்லாத பிரதிநிதிகளைச் சட்டம் அனுமதிக்கிறது. சோஷியல் செக்யூரிட்டியிடமிருந்து நேரடியாகக் கட்டணம் பெறத் தகுதியுள்ளவர்கள் தேர்வு எழுதி, பின்னணிச் சோதனையில் தேறி, பொறுப்புக் காப்பீடும் வைத்திருப்பார்கள். அவர்களில் முன்னாள் சோஷியல் செக்யூரிட்டி ஊழியர்கள் இருந்தால் பணக் கணக்கு விதிகளில் வக்கீலைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பதுண்டு. அவர்களால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அதுதான் எல்லை.

இலவச சட்ட உதவி மையங்களைத் தமிழர்கள் அநேகமாக நினைப்பதே இல்லை. "நமக்குத் தரமாட்டார்கள், நம் சம்பளம் அதிகம்" என்று விட்டுவிடுகிறோம். ஃபெடரல் நிதி பெறும் மையங்களில் வழக்கமான வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 125 சதவீதம்தான். ஆனால் விண்ணப்பதாரர் 18 நிறைந்த பிள்ளை, அவருக்கு வருமானம் இல்லை. அவரைத் தனிக் குடும்பமாகக் கணக்கிடுவார்களா என்பது மையத்துக்கு மையம் மாறும். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். நிலுவைத்தொகையில் பங்கு எதிர்பார்க்காததால் இவர்கள் முதல் விண்ணப்பத்திலும், தொகை வெட்டப்பட்ட வழக்கிலும், அதிகப்பணம் திரும்பக் கேட்கும் கடிதத்திலும் உதவுவார்கள். ஆளும் நிதியும் குறைவு, அதனால் காத்திருப்பு நீளம். மறுப்புக் கடிதத்தின் கெடு ஓடிக்கொண்டிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டப்படி அமைந்த பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு: டிசெபிலிட்டி ரைட்ஸ் கலிபோர்னியா, டிசெபிலிட்டி ரைட்ஸ் டெக்சாஸ் என்பவை போல. உதவி பெறுபவர் வேலைக்குப் போக முயலும்போது வரும் தடைகள், பள்ளி உரிமைகள் இவற்றுக்கு அங்கே போங்கள். புது விண்ணப்பத்துக்கு அது இடமல்ல.

விண்ணப்பத்துக்கு முன் பணக் கணக்கு

18 வயதுக்குக் கீழ் பெற்றோரின் வருமானமும் சொத்தும் பிள்ளையுடையதாகக் கருதப்படும். ஐடி சம்பளம் வாங்கும் வீட்டில் அதனாலேயே கிடைக்காது. 18 நிறைந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. மார்ச் 12 பிறந்தநாள் என்றால் ஏப்ரல் முதல் வேலைநாளில் சோஷியல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு "எஸ்எஸ்ஐ விண்ணப்பிக்கிறோம்" என்று சொல்லி, அந்த நாளை விண்ணப்பத் தேதியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அனுப்பப்படும் அறிவிப்பிலிருந்து 60 நாளுக்குள் முழு விண்ணப்பம் முடிந்தால் அழைத்த தேதியே நிற்கும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு மாதப் பணம் போனது போனதுதான்.

சொத்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறக்கும் கணத்தில் எவ்வளவு இருந்தது என்றே பார்க்கப்படும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் உள்ள பணம் முழுவதும் பிள்ளையுடையது என்பதே சோஷியல் செக்யூரிட்டியின் ஆரம்ப அனுமானம். இல்லை என்று நிரூபிக்கலாம், ஆனால் அதற்கு எழுத்துமூல விளக்கம், வங்கித்தாள் எல்லாம் வேண்டும். விண்ணப்பிக்கும் முந்தைய மாதமே பெயரைப் பிரித்துவிடுவது சுலபம். பிள்ளையின் பெயரில் யுடிஎம்ஏ கணக்கு (வயதுக்கு வரும்வரை பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருப்பது) இருந்தால் அந்த மாநிலத்தின் வயது வரம்பு வரும்போது அது அவருடைய சொத்தாகிவிடும். பெற்றோர் உரிமையாளராக உள்ள 529 கல்விக் கணக்கு பிள்ளையின் சொத்தல்ல.

ஊரில் உள்ளதும் கணக்கில் வரும். பாட்டி பேரன் பெயருக்கு எழுதிவைத்த மனை, தாத்தா பேத்தி பெயரில் போட்ட வைப்புத்தொகை, முதலீடாக வாங்கி வைத்த தங்கக் காசு எல்லாம் 2,000 டாலர் வரம்புக்குள் எண்ணப்படும். சட்டப்படி விற்கவே முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே விலக்கு, அதற்கும் ஆவணம் வேண்டும். அம்மா அப்பா பெயரில் உள்ள ஊர் வீடு பிள்ளைக்குக் கணக்காகாது. பதறிப்போய் மனையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுவது மிகக் கெட்ட வழி: உரிய விலை வாங்காமல் சொத்தைக் கைமாற்றினால் 36 மாதம் வரை எஸ்எஸ்ஐ மறுக்கப்படலாம். விற்று வரும் பணத்தைப் பிள்ளையின் சொந்தத் தேவைக்குச் செலவிடலாம், குறைபாடு உள்ளவர்களுக்கான சேமிப்புக் கணக்கான ஏபிஎல்இ கணக்கில் சேர்க்கலாம், அல்லது 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கான சிறப்புத் தேவை டிரஸ்டில் (குறைபாடு உள்ளவருக்காகப் பணத்தைப் பொறுப்பாளர் ஒருவர் வைத்துச் செலவிடும் ஏற்பாடு) போடலாம். ஏபிஎல்இ கணக்கில் 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ கண்டுகொள்ளாது. ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற வரம்பு மட்டும் உண்டு. இந்தக் கணக்கு தொடங்க, குறைபாடு ஆரம்பித்திருக்கவேண்டிய வயது வரம்பு 2026 ஜனவரி முதல் 26-லிருந்து 46-ஆக உயர்ந்திருப்பதால் பெரியவர்கள் பலருக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது.

இந்த டிரஸ்ட் வேலைக்கு எஸ்எஸ்ஐ வக்கீல் ஆள் அல்ல. சிறப்புத் தேவை டிரஸ்ட் எழுதுவதிலேயே பழகிய வக்கீல் தனி. அவர் தன் கட்டணத்தை உங்களிடம் நேரடியாக வாங்குவார், அது முறையானதுதான். பிள்ளையின் சொந்தப் பணம் போகும் டிரஸ்டில் மீதி இருந்தால், அவர் காலத்துக்குப் பின் மெடிக்கெய்டு அவருக்குச் செலவிட்ட தொகை வரை எடுத்துக்கொள்ளும். தாத்தா, பாட்டி, பெற்றோர் தங்கள் பணத்தைப் போடும் டிரஸ்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. இரண்டையும் கலந்துவிட்டால் ஊர்ப் பணம் முழுவதும் அரசுக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஊரில் உயில் எழுதப்போகும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவைப்பது அவசரம்.

அடுத்தது வாடகை. பிள்ளை பெற்றோர் வீட்டில் இலவசமாக இருந்தால், இருப்பிட உதவி பெறுகிறார் என்று தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டப்படும்: 2026-ல் 331.33 டாலர். இரண்டு வருட நிலுவையில் இது ஏறக்குறைய 7,950 டாலர், வக்கீல் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. 2024 செப்டம்பர் 30-க்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டை வருமானமாகக் கணக்கிடுவதில்லை. இருப்பிடம் இன்னும் கணக்கில் உண்டு. எழுத்துமூலமான வாடகை ஒப்பந்தம் இருந்து, வாடகை 2026-ல் மாதம் 351.33 டாலருக்குக் குறையாமல் இருந்தால் இந்த வெட்டு வராது. காசில்லாத பிள்ளை விண்ணப்ப காலத்தில் எப்படி வாடகை தருவது? அந்த வாடகைக்குப் பெற்றோர் கடன் கொடுக்கிறார்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரப்படும் என்று ஒரு கடன் ஒப்பந்தம், ஆரம்பத்திலேயே எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டது வேண்டும். பணம் வரத் தொடங்கியதும் உண்மையிலேயே திருப்பிக் கட்டவேண்டும். ஜெயித்த பிறகு பின்தேதியிட்டு எழுதுவது பொய் ஆவணம், அதை யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள். முதல் ஆலோசனையில் வக்கீலிடம் "வாடகை ஒப்பந்தம் எப்படி எழுதுவது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் அவர் விசாரணைக்கு நல்லவராக இருக்கலாம், பணப் பக்கத்துக்கு இலவச மையத்தைத் தனியே பாருங்கள்.

மருத்துவப் பக்கம்

விண்ணப்பம் போனதும் மருத்துவ முடிவு மாநிலத்தின் குறைபாடு நிர்ணய அலுவலகத்துக்குப் போகிறது. முதல் கட்டத்தில் பெரும்பான்மையானவை மறுக்கப்படுகின்றன. அதற்கு நோய் இல்லாதது காரணமாக இருப்பதைவிட, காகிதம் இல்லாதது காரணமாக இருப்பதே அதிகம்.

ஆட்டிசத்துக்குச் சோஷியல் செக்யூரிட்டியின் பெரியவர்களுக்கான குறைபாட்டுப் பட்டியலில் 12.10 என்ற பிரிவு, அறிவுத்திறன் குறைபாட்டுக்கு 12.05. ஆட்டிசம் என்ற பெயர் மட்டும் போதாது. புரிந்து நினைவில் வைத்தல், மற்றவரோடு பழகுதல், கவனத்தோடு வேகம் குறையாமல் செய்தல், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளுதல் ஆகிய நான்கில் ஒன்றில் மிகக் கடுமையான குறை அல்லது இரண்டில் தெளிவான குறை இருக்கவேண்டும். பள்ளி மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் மறுமதிப்பீட்டை 17 வயதில் கேட்டு வாங்கி, அதில் ஐக்யூ சோதனையோடு அன்றாடத் திறன் சோதனையும் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி முடிந்தபிறகு இதையே வெளியே செய்தால் கைக்காசு நிறையப் போகும்.

எஸ்எஸ்ஏ-3373 என்ற அன்றாடச் செயல் படிவத்தில் தமிழ்ப் பெற்றோர் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளையைப் பற்றிக் குறைவாகச் சொல்ல மனம் வருவதில்லை. "சமைப்பாரா?" என்ற கேள்விக்கு "ஆமாம், நூடுல்ஸ் செய்வான்" என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அம்மா பக்கத்தில் நின்று, தண்ணீர் கொதித்துவிட்டது, அடுப்பை அணை என்று ஒவ்வொரு படியையும் சொல்லவேண்டியிருக்கும். அந்த இரண்டாவது வாக்கியம்தான் வழக்கு. எத்தனை முறை நினைவூட்டவேண்டும், நினைவூட்டாவிட்டால் என்ன ஆகும், வாரத்தில் எத்தனை நாள் குளிக்க மறுக்கிறார், பஸ்ஸில் தனியே போனால் என்ன நடந்தது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். டாக்டரிடம் "எப்படி இருக்கான்?" என்றதும் "நல்லா இருக்கான் டாக்டர்" என்று சொல்லும் வழக்கமும் கோப்பில் "நிலை திருப்தி" என்று பதிந்துவிடுகிறது. ஆங்கிலம் சிரமமானால் சோஷியல் செக்யூரிட்டியே மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்யவேண்டும். தமிழ் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

டாக்டரின் "இவர் மாற்றுத்திறனாளி, வேலை செய்ய முடியாது" என்ற ஒற்றைவரிக் கடிதம் செல்லாக்காசு. 2017 மார்ச் 27-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில், நெடுநாள் பார்த்த டாக்டர் என்பதற்காக அவர் கருத்துக்குத் தானாக எடை கூடுவதில்லை. அந்தக் கருத்துக்கு அவருடைய சோதனைக் குறிப்புகளே ஆதாரமாக இருக்கின்றனவா, மற்ற கோப்புகளோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்து கவனம் செலுத்த முடியும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாது, மேற்பார்வையாளர் திருத்தினால் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்கும் வினாப்படிவத்தை நல்ல வக்கீல் தானே தயாரித்து டாக்டருக்கு அனுப்புவார். முதல் பேட்டியில் அந்தப் படிவத்தின் மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். வக்கீலை எடைபோட இதைவிட நல்ல சோதனை எங்களுக்குத் தெரியாது.

சோஷியல் செக்யூரிட்டி அனுப்பும் டாக்டரிடம் பரிசோதனைக்கு அழைத்தால் கட்டாயம் போகவேண்டும். தகுந்த காரணமின்றிப் போகாவிட்டால் அதை வைத்தே மறுத்துவிடலாம்.

மறுப்பு வந்தபின்

கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாள். கடிதத் தேதியிலிருந்து ஐந்து நாளில் கிடைத்ததாகக் கணக்கு. முதல் மேல்முறையீடு மறுபரிசீலனை. அதிலும் மறுத்தால் நிர்வாக நீதிபதி முன் விசாரணை, அதன்பின் நீதிபதியின் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் அப்பீல்ஸ் கவுன்சில், அதன்பின் ஃபெடரல் நீதிமன்றம். மேல்முறையீட்டை விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். எஸ்எஸ்ஐ பின்னோக்கிப் போகாததால் பழைய தேதி மொத்தமாகப் போய்விடும். மறுப்புக் கடிதம் வந்த வாரமே வக்கீலைத் தேடுங்கள். இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

விசாரணைக்குக் குறைந்தது 75 நாள் முன்பே அறிவிப்பு வரும். ஆதாரங்களை விசாரணைக்கு ஐந்து வேலைநாளுக்கு முன் கொடுத்துவிடவேண்டும், அல்லது வரவேண்டிய கோப்பு இன்னதென்று அதற்குள் எழுதித் தெரிவிக்கவேண்டும். தவறினால் நீதிபதி பார்க்க மறுக்கலாம். உங்களுக்குச் சாதகமில்லாத கோப்பையும் கொடுத்தே ஆகவேண்டும், மறைக்க வக்கீலுக்கே அனுமதியில்லை.

விசாரணையில் தொழில் நிபுணர் ஒருவர் இருப்பார். "எளிய, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, பொதுமக்களோடு அதிகம் பழகவேண்டியதில்லை, இப்படிப்பட்டவருக்கு வேலை உண்டா?" என்று நீதிபதி கேட்பார். பொட்டலம் கட்டுதல், துப்புரவு, சலவை என்று நிபுணர் பட்டியலிடுவார். அங்கே யாரும் எழுந்து கேள்வி கேட்காவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது. வக்கீல் கேட்கவேண்டியவை: வேலைநேரத்தில் 15 சதவீதம் கவனம் சிதறினால் அந்த வேலை நிற்குமா, மாதத்துக்கு இரண்டு நாள் வராவிட்டால், ஒவ்வொரு மணிக்கும் மேற்பார்வையாளர் நினைவூட்டவேண்டியிருந்தால், பக்கத்தில் பயிற்சியாள் நின்றால்தான் செய்ய முடியும் என்றால்? கோப்பில் உள்ள ஆதாரத்தோடு இந்தக் கேள்விகள் பொருந்தி வரும்போது நிபுணரின் பட்டியல் கரைந்துவிடும். 25 சதவீதத்தின் பெரும்பகுதி இந்தச் சில நிமிடங்களுக்கான விலை, கொடுக்கத் தகுந்த விலை.

ஒப்பந்தத்தில் "இரண்டாம் அடுக்கு" ஷரத்து இருக்கிறதா பாருங்கள். அப்பீல்ஸ் கவுன்சில் வரை போனால் 9,200 உச்சவரம்பு பொருந்தாது, கட்டணத்தை நிர்ணயிக்கக் கேட்டுச் சோஷியல் செக்யூரிட்டியிடம் கட்டண மனு போடப்படும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சட்டவிரோதமல்ல, ஆனால் தெரிந்து கையெழுத்திடுங்கள். வக்கீலை நடுவில் மாற்றுவதும் யோசித்துச் செய்யவேண்டியது. பழையவர் தன் கட்டண உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியே மனுப் போடவேண்டிவரும், அதற்குப் பயந்து புதியவர்கள் வழக்கைத் தொடமாட்டார்கள். மாற்றுவதாக இருந்தால் அந்த விலகல் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

ஜெயித்த பிறகு

மருத்துவத் தீர்ப்பு வந்ததும் பல அலுவலகங்கள் கோப்பை மூடிவிடுகின்றன. பணம் அதன்பிறகும் வராது. உள்ளூர் அலுவலகம் விண்ணப்பத் தேதி முதல் இன்றுவரை ஒவ்வொரு மாதத்துக்கும் வருமானம், வங்கி இருப்பு, வாடகை எல்லாம் கேட்டு நேர்காணல் நடத்தும். மேலே சொன்ன வாடகை, கடன் ஒப்பந்தங்கள் அங்கேதான் பயன்படும். இந்த நேர்காணல் வரை உடனிருப்பீர்களா என்று முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைக் கையாளப் பெற்றோர் தனியே பணப் பொறுப்பாளராக நியமனம் பெறவேண்டும். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பவர் ஆஃப் அட்டர்னியைச் சோஷியல் செக்யூரிட்டி ஏற்காது. நிலுவை மாதத்தொகையின் மூன்று மடங்குக்கு மேல் போனால், வக்கீல் கட்டணம் கழிந்தபின் மீதியை ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணைவரை பிரித்துத் தருவார்கள். உணவு, இருப்பிடம், மருத்துவத்துக்குக் கடன் இருந்தால் முதல் தவணைகளைக் கூட்டிக் கேட்கலாம். வந்த நிலுவை ஒன்பது மாதம்வரை சொத்தாக எண்ணப்படாது, அதற்குள் ஏபிஎல்இ கணக்குக்கு மாற்றத் தொடங்குங்கள். ஊருக்குப் போய் 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்எஸ்ஐ நிற்கும். திரும்பி வந்து 30 நாள் தொடர்ந்து இருந்தால்தான் மறுபடி தகுதி. கோடை விடுமுறை டிக்கெட்டை 28 நாளுக்குள் அடங்குமாறு எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவோ அம்மாவோ சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்கத் தொடங்கும்போது, 22 வயதுக்கு முன் குறைபாடு தொடங்கிய, திருமணமாகாத பிள்ளைக்கு அவர்கள் கணக்கிலேயே தனி உதவித்தொகை உண்டு. அடிப்படை ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை, பெற்றோர் மறைவுக்குப் பின் 75 சதவீதம் வரை. அதற்குச் சொத்து வரம்பே கிடையாது, 24 மாதம் கழித்து, முதியோருக்கும் குறைபாடுள்ளோருக்குமான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் வரும். 18 வயதில் வாங்கிய எஸ்எஸ்ஐ தீர்ப்பு அன்றைக்கு மிக வலுவான ஆதாரமாக நிற்கும். குறைபாடு தொடங்கிய தேதி அதில் தெளிவாக இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லி, தீர்ப்பின் முழுப் பிரதியையும் சோதனை அறிக்கைகளையும் அவர் கோப்பை மூடுவதற்கு முன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.